இறுதி ஆசீருக்கு முன் ஐந்து நிமிடங்கள்

கத்தோலிக்கக் கோயிலின் ஞாயிறு பூசைக்கு ஒருமுறையேனும் சென்றவர்களுக்கு அந்த நேரம் நினைவிருக்கும். மக்கள் நன்மை வாங்கி இருக்கைக்குத் திரும்பியபின், குருவானவர் ஒரு சிறு மன்றாட்டைச் சொல்லி முடித்துவிட்டு எல்லோரையும் அமரச் சொல்கிறார். ஒரு தாள் வெளியே வருகிறது. அறிவிப்புகள். பின்வரிசை ஆண்களில் பாதிப்பேர் அதற்குள் வாசலைத் தாண்டியிருப்பார்கள். வண்டிகளை உதைக்கும் ஓசை உள்ளே கேட்கும். பாடகர் குழு கடைசிப் பாட்டுக்குப் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கும். அடக்கி வைத்திருந்த குழந்தைகள் அழத் தொடங்கும். சில பங்குகளில் ஐந்து நிமிடமும் சில பங்குகளில் இருபது நிமிடமும் நீளும் இந்த இடைவேளையை வழிபாட்டின் பகுதியாக எவரும் கருதுவதில்லை. பக்தியுள்ளவர்களுக்கு அது இடையூறு. மற்றவர்களுக்கு வெளியேறும் வழி.

பங்கு என்னும் அமைப்பைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவர், மறையுரையைக் காட்டிலும் இந்த அறிவிப்புகளையே காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. காரணம் எளியது. பூசையின் மன்றாட்டுகள் உரோமை ஒப்புதலுடன் வருபவை. வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் உலகம் முழுமைக்கும் பொதுவாக வகுக்கப்பட்டவை. மறையுரை குருவானவருடையது. அந்த ஒரு மணி நேரத்தில் பங்கு தன் சொந்தத் தமிழில் தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்வது அறிவிப்பில் மட்டும்தான். யார் பிறந்தார், யார் மணமுடிக்கப் போகிறார், யார் இறந்தார், எவ்வளவு வசூலானது, அடுத்த வாரம் யார் எங்கே கூட வேண்டும் என்பதெல்லாம் அங்கே சொல்லப்படுகின்றன. சொல்லாமல் விடப்படுவதையும் அங்கேதான் கவனிக்க முடியும்.

அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறை எடுத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் விவரம் மாறினாலும் பட்டியலின் எலும்புக்கூடு தமிழகமெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாதம் முழுவதும் வீடுவீடாகச் சென்ற மாதா சுரூபம் 31ஆம் தேதி மாலை கோயிலுக்குத் திரும்புகிறது; ஜெபமாலை மாத நிறைவாகச் சப்பர பவனி. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மாலையில் கல்லறைத் தோட்டத்தில் திருப்பலியும் மந்திரிப்பும். அதற்கு முன் தோட்டத்தில் புல் செதுக்க இன்னின்ன அன்பியத்தார் மண்வெட்டியுடன் வர வேண்டும். மறைக்கல்வி மாணவர்களுக்குத் தேர்வு. புது நன்மைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கூட்டம். வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி திரட்டுகிறார்கள். இளைஞர்கள் கிறிஸ்துமஸ் குடில் வேலைக்கும் கேரல் குழுவுக்கும் பெயர் கொடுக்கலாம். பிறகு வார நாள்களின் பூசைக் கருத்துகள், சென்ற ஞாயிற்றின் காணிக்கை, கடைசியாக ஓலை.

வார நாள்களுக்குத் தனி ஒழுங்கு உண்டு. செவ்வாய் அந்தோணியாருக்கு, புதன் சகாய மாதாவுக்கு. வியாழன் சில இடங்களில் குழந்தை இயேசுவுக்கு, சில இடங்களில் நற்கருணை ஆராதனைக்கு. மாதத்தின் முதல் வெள்ளி திரு இருதயத்துக்கு, சனி மீண்டும் மாதாவுக்கு. அந்தோணியார் பெயர் பெற்ற கோயில்களில் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பூவும் மெழுகுதிரியுமாக நிற்பவர்களில் கணிசமானோர் இந்துக்கள். ஞாயிறு அறிவிப்பு அவர்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனாலும் பங்கின் வாரத்தில் அவர்களுக்கு ஒரு கிழமை இருக்கிறது.

இந்த அறிவிப்புகளின் மொழி இலக்கிய வாசகர்களுக்குத் தனி ஆர்வம் தரக்கூடியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஆவணம் 1963 டிசம்பரில் வெளிவந்தபின் பூசை இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. அதையொட்டி சொற்களும் மாறின. ஞானஸ்நானம் திருமுழுக்கானது, சுவிசேஷம் நற்செய்தியானது, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு அருட்சாதனமானது, பூசையே திருப்பலியானது. தனித்தமிழ் உணர்வும் திருச்சபைச் சீர்திருத்தமும் ஒரே காலத்தில் ஒரே திசையில் நகர்ந்த அரிய சந்தர்ப்பம் அது. ஆனால் தாளில் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்று வாசிக்கப்படுவதைக் கேட்டுவிட்டு, மூதாட்டி ஒருத்தி பக்கத்திலிருப்பவளிடம் 'சங்கீர்த்தனம் எத்தனை மணிக்காம்?' என்றுதான் கேட்கிறாள். இரண்டு தமிழும் ஒன்றையொன்று விரட்டிவிடாமல் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே கூரையின் கீழ் இருந்து வருகின்றன.

எந்தச் சீர்திருத்தமும் தொடாமல் விட்ட சொல் ஒன்று உண்டு: ஓலை. திருமணம் நிச்சயமானதும் மணமக்கள் பங்குத்தந்தையிடம் சென்று ஓலை எழுதுகிறார்கள். அடுத்தடுத்த மூன்று ஞாயிறுகளில் முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை வாசிக்கப்படும். இன்னாருடைய மகன், இன்ன பங்கு. இன்னாருடைய மகள், இன்ன பங்கு. இவர்கள் மணமுடிக்கத் தடை ஏதேனும் உண்டென்று அறிந்தவர் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். பனையோலை எழுதுபொருளாக இல்லாமற்போய் எத்தனையோ காலமாகிறது. தாள் வந்தது, தட்டச்சு வந்தது, கணினி அச்சு வந்தது. ஓலை ஓலையாகவே நீடிக்கிறது. வழக்கமோ ஐரோப்பாவிலிருந்து வந்தது. மறைவான திருமணங்களைத் தடுக்க 1215ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் சங்கம் இதைப் பொதுச் சட்டமாக்கியது. மூன்று திருநாள்களில் அறிவிக்க வேண்டும் என்பதை 1563இல் திரெந்து சங்கம் உறுதிப்படுத்தியது. ஐரோப்பியச் சட்டம் ஒன்று தமிழ் எழுதுபொருளின் பெயரைச் சூடிக்கொண்டு இன்றும் வாசிக்கப்படுவது சொல்லாராய்ச்சியில் நாட்டமுள்ளவர்கள் கவனிக்க வேண்டியது.

ஓலைக்குள் இன்னொரு மோதலும் ஒளிந்திருக்கிறது. தமிழ் உறவுமுறையில் மாமன் மகள் முறைப்பெண். அவளைக் கட்டுவது உரிமை. திருச்சபைச் சட்டத்திலோ அவள் நெருங்கிய இரத்த உறவு. மணமுடிக்கச் சிறப்பு விதிவிலக்கு பெற வேண்டும். ஊர் முழுக்க வாழ்த்தும் ஓர் உறவைச் சட்டம் தடையென்று கருதி, பின்பு மனுவின் பேரில் தளர்த்துகிறது. 'தடை உண்டென்று அறிந்தவர்' என்ற வரி வாசிக்கப்படும்போது மணமக்களின் பாட்டிமார் ஒரே வரிசையில் சம்பந்திகளாகவும் உடன்பிறந்தவர்களாகவும் உட்கார்ந்திருப்பதுண்டு. இந்த நகைமுரணை நம் புனைகதை இன்னும் போதுமான அளவு தொடவில்லை.

அறிவிப்புக்கும் தமிழ் உரைநடைக்கும் உள்ள உறவு நாம் எண்ணுவதைவிடப் பழையது. தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளியானது. 16 பக்கம் கொண்ட சிறு நூல். அண்டிரிக் அடிகளார் அதை அறிஞர்களுக்காக ஆக்கவில்லை. முத்துக்குளித்துறையின் கோயில்களில் உரக்கச் சொல்லிக்கொடுக்கப்பட வேண்டிய செபங்கள் அதில் இருந்தன. 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் கையேடு ஒன்று வந்தது. 1586இல் வந்த 'அடியார் வரலாறு' புனிதர்களின் கதைகளைக் கூறியது. வாராந்தரத் தேவை, ஆண்டுத் தேவை, உரக்க வாசிக்கும் தேவை ஆகிய மூன்றிலிருந்துதான் தமிழின் தொடக்ககால அச்சு உரைநடை பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதியபோதும் அது குருவானவர் இல்லாத ஊர்களில் செபம் சொல்லி, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி, சாவுக்கும் கலியாணத்துக்கும் முன்நின்ற உபதேசியார்களுக்காக எழுதப்பட்ட நூல்தான். 'தேம்பாவணி'யை நம் இலக்கிய வரலாறுகள் கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் அதே கை உபதேசியாரின் அன்றாடத்துக்காக எழுதிய உரைநடையை அவை அடிக்குறிப்பில் விட்டுவிடுவது நம் நோக்கில் உள்ள குறை.

*

இவையெல்லாம் பழம்பொருள் ஆர்வம் என்று ஒருவர் சொல்லக்கூடும். அறிவிப்பு என்பது எண்ணிக்கையோடும் பெயரோடும் சம்பந்தப்பட்டது. எண்ணிக்கையும் பெயரும் உயிர்ப் பிரச்சினையாகும் நாள்கள் உண்டு.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கடந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது பலர் ஏற்கெனவே வெகுதொலைவில் இருந்தார்கள். அடுத்த ஞாயிறு டிசம்பர் 3. கடற்கரையின் பாதுகாவலராகிய சவேரியாரின் திருநாள். அந்த ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் அதுவே. சாதாரண ஆண்டில் குடிலும் கேரலும் பேசப்பட வேண்டிய நாளில், கரையில் இருந்தவர்கள் திரும்பாதவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேர் காணவில்லை என்பதில் அரசு சொன்ன எண்ணுக்கும் கடற்கரை சொன்ன எண்ணுக்கும் பெரிய வேறுபாடு இருந்தது. கடற்கரையின் எண் பங்குகளில் உருவானது. எந்தப் படகு, அதில் யார், அவர் எந்த அன்பியம், மனைவி பெயர் என்ன, குழந்தைகள் எத்தனை என்று ஊருக்கு ஊர் பட்டியல் தயாரானது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தின் மீது மக்கள் உட்கார்ந்தபோது அவர்கள் கையில் வெறும் துக்கம் மட்டும் இருக்கவில்லை, பெயர்கள் இருந்தன.

அந்தப் பட்டியலைச் சில நாள்களில் எப்படித் தயாரிக்க முடிந்தது என்று யோசித்துப் பார்க்கலாம். திருமுழுக்குப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் பங்குகளில் கட்டாயமாக்கியது 1563இன் திரெந்து சங்கம். 1614இன் உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் பதிவேட்டையும் குடும்பப் பதிவேட்டையும் சேர்த்தது. அதன்மேல் இருபது முப்பது குடும்பங்களைக் கொண்ட அன்பியம் என்னும் வாராந்தரக் கூடுகை. அதன்மேல் ஞாயிறு தோறும் பெயர்களை உரக்கச் சொல்லும் பழக்கம். நானூறு ஆண்டுக் காகித வேலையும் அலுப்பூட்டும் அறிவிப்புகளும் சேர்ந்துதான் பேரிடர் நாளில் ஒரு சமூகத்துக்குத் தன் ஆள்களை எண்ணத் தெரிந்திருக்கும் நிலையை உண்டாக்கின. அரசு இயந்திரத்துக்கு இல்லாத நினைவு அங்கே இருந்தது.

இந்த நினைவுக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. பங்கு எண்ணும்போது யாரை எந்த வரிசையில் எண்ணுகிறது?

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் கட்டப்பட்ட கோயில் இரு கால்களைப் போல விரிந்து பீடத்தில் ஒன்றுசேரும் அமைப்புடையது. சாதிக்கு ஒரு கால். நடுவில் தடுப்பு. பீடத்திலிருந்து சொல்லப்பட்ட ஒரே அறிவிப்பு, ஒருவரையொருவர் பார்க்க முடியாத இரண்டு கூட்டங்களின் காதுகளில் விழுந்தது. 1910இல் தடுப்பு இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, பிரிவினையை உரிமையாகக் கேட்டவர்களுக்குத் தோல்வியில் முடிந்தது. சுவர் போனதோடு கதை முடிந்துவிடவில்லை. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள எறையூரில் 2008 மார்ச்சில் நிகழ்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சமமாக நடத்தப்படாததால் தங்களுக்கெனத் தனிப் பங்கு வேண்டுமென்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டனர். ஊரின் வன்னியக் கத்தோலிக்கர்கள் எதிர்த்தனர். மோதலில் காவல்துறை துப்பாக்கியால் சுட, இருவர் இறந்தனர். ஒரே திருமுழுக்கு, ஒரே பதிவேடு, ஒரே ஞாயிறு. ஆனால் பிணம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதில் ஒன்றாக இல்லை.

அக்டோபர் கடைசி ஞாயிற்றின் அறிவிப்பை இப்போது மறுபடி கேட்டுப் பாருங்கள். 'கல்லறைத் தோட்டத்தில் மந்திரிப்பு.' எந்தத் தோட்டத்தில்? இரண்டு தோட்டங்களைக் கொண்ட ஊர்களில் எது முதலில்? 'இன்ன அன்பியத்தார் மண்வெட்டியுடன் வரவும்.' எந்த அன்பியத்தார், எப்போதும் அவர்கள்தானா? 'சப்பரம் வழக்கமான தெருக்கள் வழியாகச் செல்லும்.' அந்த 'வழக்கமான' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை தெருக்கள் விடுபட்டுப் போகின்றன? 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, சாதிப் பாகுபாட்டைப் பாவமென்று ஏற்றுக்கொண்டது. நல்லது. ஆனால் ஆவணங்கள் டெல்லியில் வெளியிடப்படுகின்றன. சப்பரத்தின் வழி ஞாயிறு அறிவிப்பில் தீர்மானமாகிறது.

'தீர்மானமாகிறது' என்று எழுதும்போதே அறிவிப்பு நடையின் ஆதாரக் கோளாறு என் வாக்கியத்துக்குள்ளும் நுழைந்துவிடுவதைக் காண்கிறேன். பங்கு அறிவிப்புகளின் இலக்கணத்தைக் கவனித்தவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பார்கள்: அவற்றில் எழுவாய் இல்லை. 'தீர்மானிக்கப்பட்டுள்ளது', 'நியமிக்கப்பட்டுள்ளனர்', 'வரி நிர்ணயிக்கப்பட்டுள்ளது', 'ஒத்துழைப்பு நல்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்'. தீர்மானித்தவர் யார்? நியமித்தவர் யார்? கேட்டுக்கொள்பவர் யார்? அரசு அலுவலகச் சுற்றறிக்கையிலிருந்து கடன் வாங்கிய இந்தச் செயப்பாட்டுவினை, பீடத்தின் ஒலிபெருக்கியில் ஒலிக்கும்போது தெய்வ ஆணையின் சாயலைப் பெற்றுவிடுகிறது. பங்குத்தந்தையும் நான்கு பெரிய வீட்டுக்காரர்களும் வியாழக்கிழமை மாலை எடுத்த முடிவு, ஞாயிறன்று யாரும் எடுக்காத முடிவாக, மழை பெய்வதைப் போலத் தானாக நிகழ்ந்த ஒன்றாக வந்து சேர்கிறது. எழுவாய் இல்லாத வாக்கியத்தை யாரிடம் போய் எதிர்த்துக் கேட்பது?

திருச்சபைச் சட்டமே இந்த நடையைக் கோரவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு பங்கை வரையறுக்கும்போது கட்டடத்தையோ எல்லையையோ முதலில் சொல்வதில்லை. நம்பிக்கையாளர்களின் ஒரு சமூகம் என்றே தொடங்குகிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 537ஆம் விதி. மக்கள் கொடுத்த காணிக்கையின் கணக்கை நிர்வாகிகள் மக்களுக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறது 1287ஆம் விதி. பங்குப் பேரவையை மட்டும் ஆயரின் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். ஒருங்கிணைந்து பயணித்தல் பற்றி 2021 முதல் 2024 வரை நடந்த உலக ஆயர் மன்றத்தின் இறுதி ஆவணம், இத்தகைய அமைப்புகள் கட்டாயமாக வேண்டும் என்றும் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்றும் வலியுறுத்தியது. ஆக, கணக்கைக் கேட்பவன் கலகக்காரன் அல்லன்; சட்டத்தை வாசித்தவன்.

பணத்தைப் பற்றிய அறிவிப்புகளில் இரண்டு மரபுகள் அக்கம்பக்கமாக இருப்பதும் கவனிக்கத்தக்கது. திருவிழாக் காலத்தில் உபயதாரர்களின் பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் முழங்கும். காணிக்கையாக வந்த சேவலும் வாழைத்தாரும் ஏலத்தில் போகும்போது கேட்டவரின் பெயர் ஊரறியச் சொல்லப்படும். இன்னொரு பக்கம், 1833இல் பாரிஸில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் கூட்டங்களில் ஒரு பை சுற்றி வரும். கைவிட்டு எடுக்கும்போது போட்டாரா, போடவில்லையா, எவ்வளவு போட்டார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. கொடுப்பவரின் பெயரைச் சொல்வதும் மறைப்பதும் ஒரே கோயிலின் இரு வழக்கங்கள். அதுபோல, பூசைக் கருத்துகளில் பணம் கொடுத்து எழுதியவர்களின் பெயர்களே வாசிக்கப்பட்டாலும், ஞாயிறு தோறும் பங்கு மக்கள் அனைவருக்காகவும் ஒரு பூசையைக் காணிக்கை பெறாமல் நிறைவேற்றுவது பங்குத்தந்தையின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. பெயர் கொடுக்க வசதியில்லாதவருக்கும் அந்த ஒரு பூசையில் பங்குண்டு. அறிவிப்பில் 'பங்கு மக்களுக்காக' என்று இரண்டே சொல்லில் கடந்துவிடும் அந்த வரியை நான் எப்போதும் நின்று கேட்பதுண்டு.

*

அறிவிப்புகளைக் குறைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். அவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. நன்மை வாங்கிய மௌனத்தைக் குடிநீர்க் குழாய் பழுது பற்றிய செய்தி கலைத்துவிடுகிறது என்பது உண்மை. திருப்பலி நூலும் சுருக்கமான அறிவிப்புகளுக்குத்தான் இடம் தருகிறது. ஒரே செய்தியை உபதேசியார் ஒருமுறையும் குருவானவர் மறுமுறையும் சொல்வது பொறுமையைச் சோதிப்பது. இதற்கு மாற்றாக எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம் என்கிறார்கள். பல பங்குகளில் அப்படித்தான் நடக்கிறது. கல்லறைச் சுத்தம், ஜெபமாலைக் கூட்டம், பூசை நேர மாற்றம் முதலிய தகவல்களுக்கு அது போதுமானது. இன்னும் சொன்னால் மேலானது.

ஆனால் தகவல் சேர்வதும் ஒரு செய்தி பொதுவாக அறிவிக்கப்படுவதும் வெவ்வேறு. கைப்பேசியில் நான் படித்ததை நீங்களும் படித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. கோயிலில் எல்லோரும் ஒன்றாகக் கேட்டது எல்லோரும் கேட்டதென்று எல்லோருக்கும் தெரியும். 'கணக்கு வாசித்தார்களே, அப்போது நீயும்தானே இருந்தாய்' என்று ஒருவரையொருவர் சாட்சிக்கு அழைக்க முடிவது அதனால்தான். ஓலையின் தர்க்கமும் அதுவே. குழுவுக்கு நிர்வாகி உண்டு. அவர் ஒருவரைச் சேர்க்கலாம், நீக்கலாம், கேள்வியை அழிக்கலாம், நிர்வாகிகள் மட்டும் எழுத முடியும்படி பூட்டலாம். கோயிலின் காற்றுக்கு அந்த வசதி இல்லை. குழுவில் இல்லாதவர் யாரென்று பார்த்தால் கைப்பேசி இல்லாத மூதாட்டி, வேலை தேடி வந்து ஆறு மாதமே ஆன குடும்பம், காலனித் தெரு. ஏற்கெனவே விடுபட்டவர்கள் இன்னொரு முறை விடுபடுவார்கள்.

ஆகவே என் பரிந்துரை மூன்று. நேரத்தையும் இடத்தையும் பற்றிய செய்திகள் பலகைக்கும் கைப்பேசிக்கும் போகட்டும். பெயர், பணம், முடிவு இம்மூன்றும் பீடத்திலிருந்து உரக்க வாசிக்கப்பட வேண்டும். இரண்டாவது, முடிவுகளுக்கு எழுவாய் வேண்டும்: பேரவை தீர்மானித்தது, நிதிக்குழு ஒதுக்கியது, பங்குத்தந்தையாகிய நான் முடிவு செய்தேன். சப்பரம் செல்லும் தெருக்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். விடுபட்ட தெரு எதுவென்று அப்போது காதுக்கே தெரியும். மூன்றாவது, வாசித்து முடித்த தாளைக் குப்பையில் போடக் கூடாது. திருமுழுக்குப் பதிவேட்டைப் பெட்டியில் பூட்டிக் காக்கும் பங்குகள், அறிவிப்பு ஏட்டை அடுத்த ஆண்டே எடைக்குப் போட்டுவிடுகின்றன. ஐம்பது ஆண்டு அறிவிப்பு ஏடுகள் ஓர் ஊரின் சமூக வரலாற்றுக்கு எத்தகைய மூலம் என்பதை ஆய்வாளர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இலக்கியவாதிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இலும், பாமாவின் 'கருக்கு' 1992இலும், இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இலும், ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இலும், ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இலும் வந்தன. தமிழ்க் கத்தோலிக்க வாழ்வு நவீன இலக்கியத்தில் அழுத்தமாகவே பதிவாகியிருக்கிறது. இவற்றை எழுதியவர்கள் எல்லோரும் கோயிலைக் கோயிலுக்கு வெளியிலிருந்தும் பார்க்கத் தெரிந்தவர்கள். ஆயினும் புயலும் காதலும் அவமானமும் வெளியேற்றமும் பெற்ற இடத்தைப் பங்கின் சாதாரண வாரம் பெறவில்லை. பேரவைக் கூட்டத்தில் மின்விசிறிக்காக நடக்கும் சண்டை, மரியாயின் சேனைப் பெண்கள் நோயாளியின் வீட்டுத் திண்ணையில் கழிக்கும் மதியம், கேரல் குழுவில் இடம் கிடைக்காத பையன், தன் பெயரை உபயதாரர் பட்டியலில் கேட்பதற்காகச் சவூதியிலிருந்து பணம் அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் காத்திருப்பவன் என்று எழுதப்படாதவை நிறைய. சாதியும் பணமும் பக்தியும் நாடகமாக இல்லாமல் பழக்கமாகச் செயல்படுவது இங்கேதான். பழக்கத்தை எழுதுவது புயலை எழுதுவதைவிடக் கடினம்.

அதற்கு முதற்படி எளிது. இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களில் பங்குகளைச் சேர்ந்தவர்கள் இருப்பீர்கள். வேறு மதத்தவரோ மதமற்றவரோ ஆனாலும் பக்கத்துத் தெருக் கோயிலின் ஒலிபெருக்கியைக் கேட்டு வாழ்பவர்கள் இன்னும் அதிகம் இருப்பீர்கள். வரும் ஞாயிறன்று அந்தத் தாள் வெளியே வரும்போது உட்கார்ந்து, அல்லது திண்ணையிலிருந்தே, முழுவதையும் கேளுங்கள். யாருடைய பெயர்கள் வந்தன, எந்தத் தெரு வரவில்லை, எந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பங்கைச் சேர்ந்தவரானால், பூசை முடிந்து வெளியே வந்ததும் பேரவை உறுப்பினர் ஒருவரிடம் அந்த எழுவாயைக் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு உண்டு.